அணைத்தலும் எழுப்புதலும்: சேவையகங்களின் ஒழுங்கு பற்றிய ஒரு நோக்கு

2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கை முழுவதும் நாள்தோறும் அட்டவணைப்படி மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிபொருள் இறக்குமதிக்கு வேண்டிய அந்நியச் செலாவணி தீர்ந்துபோனமையே அதன் உடனடிக் காரணமாகும். அவ்வாண்டு மார்ச் 31 ஆந் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலங்களை எட்டியது. வீடுகளில் விளக்கணைந்த அந்த மாலைகளைப் பலரும் நினைவுகூர்வர். ஆயின், மக்களின் கணக்குகளையும் பதிவேடுகளையும் தாங்கிநிற்கும் சேவையகக் கணினிகள், மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடையாத இடங்களில், நாள்தோறும் அணைக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்படவேண்டியிருந்தன என்பது அத்துணை கவனத்தைப் பெறவில்லை. அவ்வேலையை முறையாகச் செய்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கு யாது, அதனைப் பொறியிடம் ஒப்படைப்பது எங்ஙனம், ஒப்படைக்கும்போது மனிதர் தம்மிடம் வைத்துக்கொள்ளவேண்டியது எது என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒழுங்கு என்னும் அறிவு

வடமராட்சியின் வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். அங்கு கட்டப்பட்ட மரக்கலங்கள் தென்னிந்தியத் துறைமுகங்களுக்கும் வங்காளவிரிகுடாவின் மறுகரைக்கும் சென்றுவந்தன. 1930 இல் அவ்வூரில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் பின்னர் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறைக் கடலோடிகளின் உழைப்பால் அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்ட் 1 ஆந் திகதி மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

இத்தகைய கலமொன்றின் இயக்கம் முழுவதும் ஒழுங்கினாலாயது. காற்று மிகும்போது மேற்பாய்கள் முதலில் இறக்கப்படும். கீழ்ப்பாய்கள் பின்னரே சுருக்கப்படும். முறை மாறின் பாய்மரம் முறியும். எதனை முதலிற் செய்வது, எதனை இறுதியிற் செய்வது என்பதைத் தண்டையல் அறிவார். அவரிடமிருந்து ஏனையோர் பார்த்தும் செய்தும் கற்பர். ஆனால் அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டிலேறாத அறிவாகவே நின்றது. பாய்க்கப்பற் காலம் முடிந்தபோது அவ்வறிவின் பெரும்பகுதியும் கடலோடிகளின் நினைவோடு மறைந்தது எனலாம்.

இன்றைய சேவையக அறைகளிலும் இதே நிலையினைக் காண்கின்றோம். எந்தப் பொறியை எப்போது நிறுத்துவது என்பது பெரும்பாலும் ஒரேயொரு தொழினுட்ப ஊழியரின் மனத்திலேயே உள்ளது. அவர் விடுமுறையிற் சென்றால், அல்லது 2022 இன் நெருக்கடியை அடுத்துப் பெருந்தொகையான இளைஞர் சென்றது போல நாட்டைவிட்டே சென்றுவிட்டால், நிறுவனம் தன் பொறிகளைத் தானே எழுப்ப இயலாத நிலைக்குத் தள்ளப்படுகின்றது. ஆதலின் இது வெறும் வசதி பற்றிய வினாவன்று.

2. ஆறு பொறிகள் கொண்ட ஓர் அறை

விளக்கத்தின் பொருட்டுக் கடற்கரையூர் ஒன்றிலுள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சமாசம் ஒன்றினைக் கற்பித்துக்கொள்வோம். உறுப்பினரின் சேமிப்பு, கடன், எரிபொருட் கொள்வனவு ஆகிய கணக்குகள் அங்கு கணினியில் உள்ளன. சேவையக அறையில் ஆறு பொறிகள் உள்ளன.

முதலாவது சேமிப்பகம், வட்டுகள் யாவும் இதிலேயே உள்ளன. இரண்டாவது பெயர்ச் சேவையகம். ஒரு பொறி மற்றொன்றைப் பெயர்சொல்லிக் கேட்கும்போது அதன் முகவரியைக் கூறுவது இது. மூன்றாவது தரவுத்தளம்; கணக்குகள் இதன் பொறுப்பு. நான்காவது கோப்புச் சேவையகம். கடிதங்களும் படிவங்களும் இதில் உள்ளன. ஐந்தாவது கணக்குச் செய்நிரலை இயக்கும் பொறி. ஆறாவது வாயிற்பொறி, அலுவலகத்து மேசைக்கணினிகள் இதன்வழியே உள்ளே வருகின்றன.

இவற்றிடையே சார்புறவுகள் உள. தரவுத்தளமும் கோப்புச் சேவையகமும் சேமிப்பகத்தையும் பெயர்ச் சேவையகத்தையும் சார்ந்துள்ளன. கணக்குச் செய்நிரல் தரவுத்தளத்தைச் சார்ந்துள்ளது. வாயிற்பொறி, கணக்குச் செய்நிரலையும் கோப்புச் சேவையகத்தையும் சார்ந்துள்ளது.

இவ்வுறவுகளைப் புறக்கணித்துச் சேமிப்பகத்தை முதலில் அணைத்தால் நிகழ்வது யாது? தரவுத்தளம் தனக்கு வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் அக்கணமே உரிய பக்கத்தில் எழுதுவதில்லை. முதலில் ஒரு தொடர்பதிவேட்டில் குறித்துக்கொள்கின்றது. பக்கங்களை நினைவகத்தில் வைத்திருந்து பின்னர் ஆறுதலாக வட்டில் எழுதுகின்றது. திடீரென நின்றாலும், தொடர்பதிவேடு செவ்வையாக வட்டினை அடைந்திருப்பின், மீண்டெழும்போது அதனைப் படித்து இழந்ததை ஈடுசெய்ய அதற்கு இயலும். ஆயின் அவ்வேட்டைத் தாங்கும் சேமிப்பகமே, எழுதிவிட்டதாகப் பதில் கூறியபின் தன் இடைநினைவில் இருந்ததை இழந்துவிடுமாயின், மீட்சிக்குரிய அடித்தளமே சிதைகின்றது. ஓர் உறுப்பினர் செலுத்திய கடன்தவணை ஏட்டிற் பதியப்பட்டிருந்தும் ஏட்டில் இல்லாதுபோகும். பற்றுச்சீட்டு அவர் கையில் இருக்கும், கணக்கில் இராது. தொழினுட்பத் தவறொன்று ஏழை ஒருவரின் வாக்குக்கும் நிறுவனத்தின் ஏட்டுக்கும் இடையிலான பிணக்காக உருமாறுவது இவ்விடத்திலேயாகும்.

3. பட்டியலும் உறவும்

ஒழுங்கினைப் பதிவுசெய்ய இரு வழிகள் உள. முதலாவது, ‘முதலில் இது, இரண்டாவது அது’ எனப் பட்டியலிடுதல். பழைய யூனிக்ஸ் முறைமைகளில் இவ்வழியே பின்பற்றப்பட்டது. தொடக்கக் கோப்பு ஒவ்வொன்றின் பெயரிலும் ஈரிலக்க எண் ஒன்று இருந்தது. எண்வரிசைப்படி அவை இயக்கப்பட்டன. எளிமையே இதன் சிறப்பு. ஆனால் எண் காரணம் கூறாது. 40 எனக் குறிக்கப்பட்ட சேவை 35 எனக் குறிக்கப்பட்டதற்குப் பின்னர் வருவது அதனைச் சார்ந்திருப்பதாலா, அன்றி யாரோ ஒருவர் அன்று அவ்வாறு எழுதியதாலா என்பதை எண் உணர்த்துவதில்லை. புதிய பொறியொன்று சேரும்போது பட்டியலை எழுதியவரையே தேடிச்செல்ல வேண்டியுள்ளது.

இரண்டாவது வழி, ஒழுங்கினை எழுதாது உறவுகளை மட்டும் எழுதுதல். ‘தரவுத்தளத்துக்குச் சேமிப்பகம் வேண்டும்’ என்பது போன்ற கூற்றுகளைப் பொறியிடம் கொடுத்துவிட்டால், ஒழுங்கினைப் பொறியே வருவித்துக்கொள்ளும். இதற்கான படிமுறை கணினியியலில் நெடுங்காலமாக அறியப்பட்டது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை தனது பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தின் ஆயிரக்கணக்கான வேலைகளை வரிசைப்படுத்த வலைப்படத் திட்டமிடலை உருவாக்கியது. அத்தகைய பெரு வலைப்படங்களின் உறுப்புகளை முரணின்றி வரிசைப்படுத்தும் படிமுறையொன்றை ஆதர் கான் என்பவர் 1962 இல் வெளியிட்டார். போர்க்கருவியின் தேவையிற் பிறந்த சிந்தனை இன்று கூட்டுறவுக் கணக்கேட்டைக் காக்கவும் பயன்படுவது நோக்கற்பாலது.

அப்படிமுறை மிக எளியது. எதனையும் சாராத பொறிகளை முதலில் எடுத்து எழுதுக. அவற்றை வலைப்படத்திலிருந்து நீக்குக. இப்போது எதனையும் சாராதனவாக எஞ்சுபவற்றை எடுத்து எழுதுக. இவ்வாறு யாவும் தீரும்வரை தொடர்க. எமது சமாசத்தின் ஆறு பொறிகளும் இவ்வகையில் நான்கு அடுக்குகளாக அமைகின்றன. சேமிப்பகமும் பெயர்ச் சேவையகமும் முதலடுக்கு, தரவுத்தளமும் கோப்புச் சேவையகமும் இரண்டாவது, கணக்குச் செய்நிரல் மூன்றாவது, வாயிற்பொறி நான்காவது. எழுப்புதல் இவ்வொழுங்கில் நிகழும். அணைத்தல் இதன் தலைகீழாக, வாயிலில் தொடங்கிச் சேமிப்பகத்தில் முடியும்.

1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவட் பெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ என்னும் கருவியும், 2010 இல் அறிமுகமாகி இன்று பெரும்பாலான லினக்ஸ் முறைமைகளிற் பயன்படும் ‘சிஸ்ரம்டி’யும் இக்கருத்தின் வழிவந்தவையே. பின்னையது நுட்பமானதொரு வேறுபாட்டினையும் பேணுகின்றது. ‘இதற்கு அது வேண்டும்’ என்பது ஒன்று. ‘இது அதற்குப் பின்னரே தொடங்கவேண்டும்’ என்பது வேறொன்று. முன்னையது தேவை பற்றியது. பின்னையது காலம் பற்றியது. தேவையை மட்டும் கூறி வரிசையைக் கூறாது விட்டால் இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கப்படும். அனுபவமற்றோர் இவ்விடத்தில் அடிக்கடி இடறுகின்றனர்.

4. மின்கலத்தின் நிமிடங்கள்

மின்சாரம் நின்றதும் ‘யூ.பி.எஸ்.’ எனப்படும் தடையிலா மின்வழங்கியின் மின்கலம் சுமையைத் தாங்குகின்றது. எமது உதாரணத்தில் அது 15 நிமிடங்கள் தாங்கும் எனவும், ஒவ்வொரு பொறியும் செவ்வையாக அணைய 3 நிமிடங்கள் எடுக்கும் எனவும் கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாக ஆறினையும் அணைக்க 18 நிமிடங்கள் வேண்டும். மின்கலம் முந்தித் தீர்ந்துவிடும். ஓரடுக்கிலுள்ளவற்றை ஒருங்கே அணைத்தால் நான்கு அடுக்குகளுக்கும் 12 நிமிடங்கள் போதும். உறவுகளை அறிந்திருப்பதன் நேரடிப் பயன் இது: எவற்றை ஒருங்கே செய்யலாம் என்பதையும் அவையே காட்டுகின்றன.

எஞ்சும் அவகாசம் 3 நிமிடங்களே. ஆகவே மின்சாரம் ‘இப்போது வந்துவிடும்’ என ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்தபின் அணைக்கத் தொடங்குவது தோல்வியிலேயே முடியும். முடிவெடுக்கும் கணத்தை முன்னரே கணித்துப் பொறியிடம் கொடுத்துவிடுவதே தன்னியக்கத்தின் பெரும்பயன். நள்ளிரவில் ஊழியர் எவரும் இல்லாத வேளையிலும் அது தயங்காது.

இன்னுமொன்று கருதற்பாலது. ஈய அமில மின்கலத்தின் வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது பொறியியலாளர் கையாளும் பொதுக்கணிப்பு. குளிரூட்டியற்ற யாழ்ப்பாணத்து அறையொன்றில் மின்கலம் விரைவில் முதுமையடையும். வாங்கியபோது 15 நிமிடம் தாங்கியது பின்னர் 11 நிமிடமே தாங்குமாயின், ஒழுங்கு சரியாக இருந்தும் திட்டம் பிழையாகிவிடும். ஆகவே நிமிடக் கணக்கு காலந்தோறும் அளந்து திருத்தப்படவேண்டியது.

ஒரே மின்வழங்கியில் பல பொறிகள் தங்கியிருக்கும்போது அணைக்கும் கட்டளையை யார் கொடுப்பது என்ற வினா எழுகின்றது. ‘நெற்வேர்க் யூ.பி.எஸ். ரூல்ஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்குத் தெளிவான விடை தருகின்றது. மின்வழங்கியோடு நேரே இணைக்கப்பட்ட பொறி தலைமைப் பொறியாகும். அது ஏனையவற்றை அணையுமாறு பணித்து, அவை விடைபெறும்வரை குறித்த நேரம் காத்திருந்து, இறுதியிலேயே தான் அணைகின்றது. கலம் கைவிடப்படும்போது இறுதியாக இறங்கும் தண்டையலின் நிலையே அதனது நிலையும். அணையுமுன் மின்வழங்கியையும் நிறுத்துமாறு அது கட்டளையிடுகின்றது. இதற்குக் காரணம் உண்டு. பொறிகள் பாதி அணைந்த நிலையில் மின்சாரம் மீண்டுவிடலாம். அப்போது மின் அறாது தொடருமாதலால், அணைந்த பொறிகள் மின்சாரம் இருந்தும் எழாது கிடக்கும். மின்னை ஒருமுறை முற்றாக அறுத்து மீண்டும் கொடுப்பதே அவற்றை எழுப்பும் வழி.

5. எழுப்புதலின் அருமை

அணைத்தலினும் எழுப்புதலே கடினமானது. அணைக்கும்போது பொறியின் நிலை எமக்குத் தெரிந்தது. எழுப்பும்போது அது ஐயத்துக்குரியது. மின்சாரம் வந்த கணத்திலேயே எழுப்பத் தொடங்குவது தவறு. மீண்ட மின்சாரம் சில நிமிடங்களில் மறுபடி நின்றுவிடுவதுண்டு. மின்கலமோ வெறுமையாக உள்ளது. அந்நிலையில் எழுந்துகொண்டிருக்கும் பொறிகளை ஒழுங்காக அணைப்பதற்கான நிமிடங்கள் இரா. ஆகவே மின்சாரம் நிலைத்துநிற்கும் வரையும், ஒருமுறை முழுமையாக அணைப்பதற்குப் போதிய அளவு மின்கலம் நிரம்பும் வரையும் காத்திருத்தல் வேண்டும்.

அடுத்து, ‘இயங்குகின்றது’ என்பதும் ‘ஆயத்தமாக உள்ளது’ என்பதும் வேறு. தரவுத்தளப் பொறியின் விளக்கு எரியலாம். ஆயின் அது தனது தொடர்பதிவேட்டைப் படித்து மீட்சிப் பணியில் ஈடுபட்டிருக்கலாம். இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு அடுத்ததைத் தொடங்குக என எழுதப்பட்ட செய்நிரல் நூறு நாள் சரியாக இயங்கி, மீட்சி நீளும் நூற்றோராவது நாளில் பிழைக்கும். காலத்தை எண்ணுவதற்குப் பதிலாக, தரவுத்தளத்திடம் சிறு வினாவொன்றைக் கேட்டு உரிய விடை வந்தபின்னரே அடுத்த அடுக்குக்குச் செல்லுதல் முறை.

தோல்வியை எதிர்கொள்ளும் விதத்திலும் இவ்விரண்டும் மாறுபடுகின்றன. அணைக்கையில் ஒரு பொறி பணிய மறுத்தால் எல்லைநேரம் கடந்ததும் அதனை விட்டுவிட்டு மேற்செல்ல வேண்டும், மின்கலம் காத்திராது. எழுப்புகையில் ஒன்று எழ மறுத்தால் அங்கேயே நின்று மனிதரை அழைக்க வேண்டும். ஐயத்துக்குரிய அடித்தளத்தின்மேல் கணக்குகளைத் திறத்தல் கூடாது. இரண்டுக்கும் ஒரே விதியை எழுதுவோர் ஒன்றில் தவறிழைப்பது திண்ணம்.

6. வட்டச் சிக்கல்

மேற்கூறிய படிமுறை ஓரிடத்தில் நின்றுவிடும். ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்திருக்கும் பொறிகளிடையே எதனையும் சாராதது என ஒன்றும் கிடையாது. இன்று பல நிறுவனங்களில் பெயர்ச் சேவையகம் மெய்நிகர் பொறியாக, வேறொரு பௌதிகப் பொறியினுள் இயங்குகின்றது. அப்பௌதிகப் பொறியோ தனது சேமிப்பகத்தைக் கண்டறியப் பெயர்ச் சேவையகத்தை நாடுகின்றது. யாவும் இயங்குங்காலத்தில் இவ்வட்டம் புலனாகாது. அனைத்தும் அணைந்தபின்னரே, எதுவும் முதலில் எழ இயலாதென்பது தெரியவரும்.

இச்சிக்கலின் பேருருவை இலங்கையின் மின்வலையே எமக்குக் காட்டியுள்ளது. 2020 ஓகஸ்ட் 17 ஆந் திகதி கெரவலப்பிட்டி உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்தில் குரங்கொன்று மின்சாதனத்தோடு பட்டதைத் தொடர்ந்து மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் தலா 300 மெகாவாற் வலுவுடைய மூன்று அலகுகளைக் கொண்டது. மின்சாரத்தைப் பிறப்பிக்கும் அந்நிலையம் தன் நீரேற்றிகளையும் விசிறிகளையும் நிலக்கரி அரைக்கும் பொறிகளையும் இயக்க மின்சாரத்தையே வேண்டிநிற்கின்றது. ஆகவே அது தானே எழ இயலாது. நீர்மின் நிலையங்களுக்கு வாயிற்கதவைத் திறக்கவும் கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்கவும் வேண்டிய சிறு மின்வலு போதும். எஞ்சியதை உயரத்தில் தேங்கிய நீரே செய்யும். ஆகவே மலையகத்து நீர்மின் நிலையங்கள் முதலில் எழுந்து, படிப்படியாக வலையை உயிர்ப்பித்து, பின்னரே அனல்மின் நிலையத்துக்கு மின்னூட்டுகின்றன. 2020 இல் நுரைச்சோலை முழுமையாக மீளச் சில நாள்கள் எடுத்தன. 2025 இலும் அடுத்துவந்த நாள்களில் சுழற்சிமுறை மின்வெட்டு வேண்டியதாயிற்று.

உலகப் பெருநிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 ஒக்ரோபர் 4 ஆந் திகதி, பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட ஒரு கட்டளை பேஸ்புக் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பை முற்றாகத் துண்டித்தது. அத்தகைய தவறைத் தடுக்கவேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. தரவு நிலையங்களை அடைய இயலாத பெயர்ச் சேவையகங்கள் தம்மை இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. கோளாறைத் திருத்தும் கருவிகளும் அதே வலையமைப்பையே சார்ந்திருந்தமையால் பொறியியலாளர் நேரிற் செல்லவேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் சேவை தடைப்பட்டது. மீட்டபோதும் அனைத்தையும் ஒருசேர அவர்கள் திறக்கவில்லை. பத்துக்கணக்கான மெகாவாற் அளவில் வீழ்ந்திருந்த மின்நுகர்வு திடீரென உயருமாயின் மின்முறைமைகளுக்கே ஊறு நேரும் என அஞ்சிப் படிப்படியாகவே சுமையை ஏற்றினர். அதனைச் செய்ய உதவியது, முன்னரே பலமுறை நடத்தியிருந்த ஒத்திகைகளே என அந்நிறுவனம் பின்னர் கூறியது.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி ஒன்றே. எல்லாவற்றையும் எழுப்பும் பொறுப்புடையது, எழுப்பப்படுவனவற்றில் எதனையும் சார்ந்திருத்தல் ஆகாது. எமது சமாசத்தில் ஒழுங்கினை நடத்தும் செய்நிரல் ஆறு பொறிகளுக்கும் புறம்பான சிறு கணினியொன்றில் இருத்தல் வேண்டும். அதற்குத் தேவையான முகவரிகள் பெயர்ச் சேவையகத்தை நாடாது எண்களாகவே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். முழு ஒழுங்கும் தாளில் அச்சிடப்பட்டு அறையின் சுவரில் இருத்தல் வேண்டும். தாளுக்கு மின்சாரம் வேண்டாம்.

7. யாருடைய அறிவு?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்னின்றி வாழ்தல் புதியதன்று. 1990 இற்குப் பின்னர் போரினால் தேசிய மின்வலையிலிருந்து அது துண்டிக்கப்பட்டு, நெடுங்காலம் எண்ணெய்ப் பொறிகளையே நம்பியிருந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னரே மீண்டும் அவ்வலையோடு இணைக்கப்பட்டது. தீவின் வடகோடியில் உள்ள நிறுவனங்கள் மின்வெட்டினை விபத்தாகக் கருதாது, எதிர்பார்க்கவேண்டிய நிகழ்வாகக் கருதித் திட்டமிடுதலே பொருந்தும்.

தன்னியக்கம் ஊழியரின் இடத்தைப் பறிக்கின்றது என்னும் அச்சம் நியாயமற்றதன்று. நிருவாகம் அதனைச் செலவுக்குறைப்பின் கருவியாக மட்டும் கையாளின் அவ்வச்சம் மெய்யாகும். ஒழுங்கினைச் செய்நிரலாக எழுதிக்கொடுத்தவர் அடுத்த மாதமே வேண்டப்படாதவராதல் கூடும். எஞ்சியோர் அச்செய்நிரலைப் படித்தறியாராயின், முன்பு ஒருவரின் மனத்தில் மறைந்திருந்த அறிவு இப்போது எவரும் திறந்துபாராக் கோப்பொன்றினுள் மறைந்திருக்கும். நிறுவனத்தின் நிலை முன்னையதிலும் இழிந்ததாகும்.

ஆதலின் மூன்றினை வற்புறுத்த வேண்டியுள்ளது. ஒழுங்கினை வெறும் வரிசையாக எழுதாது காரணங்களோடு உறவுகளாக எழுதுக. அதனை ஊழியர் அனைவரும் படிக்கக்கூடிய தமிழிலும் எழுதிவைக்குக. ஆண்டுக்கு இருமுறையேனும், மின்சாரம் உள்ள ஒரு விடுமுறை நாளில், அனைத்தையும் அணைத்து எழுப்பி ஒத்திகை பார்க்க. ஒவ்வொரு முறையும் வேறொருவர் அதனை நடத்துக. எழுப்புதலில் ஐயம் தோன்றுமிடத்து இறுதித் தீர்ப்பு மனிதரிடமே இருக்குமாறு செய்நிரலை அமைக்க.

ஒரு கூட்டுறவுச் சமாசத்தின் ஏடு அதன் உறுப்பினரின் உழைப்பின் பதிவாகும். இருளில் அதனைக் காத்து, ஒளி மீண்டபோது பிழையின்றித் திறந்துகொடுக்கும் அறிவும் அவர்களின் பொதுச்சொத்தாகவே இருத்தல் வேண்டும். பாய்களை ஏற்றியிறக்கும் அறிவைத் தண்டையல்களோடு கடலுக்குக் கொடுத்துவிட்டோம். இதனையேனும் எழுதி வைத்துக்கொள்வோம்.